எலும்பில் விழும் இடைவெளியை எதை வைத்து நிரப்புகிறார்கள்?

எண்ணூர் விரைவுச் சாலையில், துறைமுகத்தின் ஜீரோ கேட்டை நோக்கி கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்பது ராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும் பழகிப்போன காட்சி. அந்த வரிசைக்குப் பக்கத்தில் கிடைக்கும் சந்தில்தான் வேலைக்குப் போகிறவர்களின் பைக்குகள் புகுந்து போகின்றன. டிரெய்லரின் சக்கரம் ஒரு காலில் ஏறி இறங்கினால், எலும்பு முறிந்தது என்று சொல்லி முடித்துவிட முடியாது. எலும்பு நொறுங்குகிறது. தோல் கிழிந்து, சதை நைந்து, சில எலும்புத் துண்டுகள் சாலையிலேயே விழுந்துவிடுகின்றன. மணலி, எண்ணூர் பக்கத்து ஆலைகளில் பிரஸ் மெஷினிலோ ரோலரிலோ சிக்கிய கைக்கும் இதே கதிதான்.

முதல் ஆபரேஷன் முடிந்து சில நாள் கழித்து வார்டில் டாக்டர் சொல்வார்: “எலும்புல கேப் இருக்கு. அத ஃபில் பண்ணணும்.” கேட்கிற மனைவியோ அண்ணனோ, சுவரில் விழுந்த ஓட்டையை அடைப்பார்களே, அப்படி ஏதோ ஒன்றை வைத்து மூடிவிடுவார்கள் என்று எடுத்துக்கொள்கிறார்கள். “எத வச்சு டாக்டர்? எவ்வளவு ஆகும்? எப்ப வேலைக்குப் போகலாம்?” இந்தக் கேள்விகளுக்கு நேர்மையான பதில் சொல்ல வேண்டுமென்றால் ஒன்றை முதலிலேயே தெளிவாக்க வேண்டும். இடைவெளியில் வைக்கும் எந்தப் பொருளும் எலும்பாக மாறிவிடாது. எலும்பை உண்டாக்குவது நோயாளியின் உடம்பு மட்டுமே. வெளியிலிருந்து வைப்பதெல்லாம் அதற்கு இடம் பிடித்து, வழி காட்டும் வேலையைத்தான் செய்கிறது. இது புரிந்துவிட்டால், ஏன் இத்தனை மாதம், ஏன் இத்தனை ஆபரேஷன் என்பதும் புரியும்.

சாதாரண முறிவில் எலும்பு தானாகவே சேர்கிறது. முறிந்த இடத்தில் கசியும் ரத்தம் உறைந்து, அதற்குள் புது ரத்தக் குழாய்கள் நுழைந்து, முதலில் மெத்தென்ற ஒரு திசு உருவாகி, பிறகு அதில் சுண்ணாம்புச் சத்து படிந்து கெட்டியாகிறது. எலும்பின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த தாது. மீதியில் பெரும்பகுதி கொலாஜன் என்ற புரதமும் தண்ணீரும். இந்தப் பாலம் கட்டும் வேலைக்கு இரண்டு முனைகளும் அருகருகே இருக்க வேண்டும். நடுவில் ஒரு சென்டிமீட்டர், இரண்டு சென்டிமீட்டர் காணாமல் போய், சுற்றளவிலும் பாதிக்கு மேல் இழந்திருந்தால் உடம்பால் அந்தத் தூரத்தைத் தாண்ட முடிவதில்லை. எலும்பு வந்து சேர்வதற்குள் பக்கத்துச் சதையும் நார்த் திசுவும் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. அதன் பிறகு எத்தனை வருடம் காத்திருந்தாலும் கால் அந்த இடத்தில் ஆடிக்கொண்டேதான் இருக்கும்.

இடைவெளி விபத்தில் மட்டும் உண்டாவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ரத்த ஓட்டம் இழந்த எலும்புத் துண்டு செத்த எலும்பு. அதை உள்ளே விட்டால் கிருமி குடியேறிச் சீழ் பிடிக்கும். ஆகவே சர்ஜனே அதை வெட்டி எடுக்கிறார். “நல்லா இருந்த எலும்ப எடுத்துட்டாங்க” என்று குடும்பத்தார் மனம் நோவதுண்டு. உயிரில்லாத துண்டை விட்டுவைப்பதுதான் காலைப் பறிகொடுக்கும் வழி. கீழ்க்காலின் முன் எலும்பு இந்த விஷயத்தில் மிகவும் பாவப்பட்டது. முன்பக்கம் தோலுக்கு அடியில் உடனே எலும்பு, நடுவில் சதையே கிடையாது. கணுக்காலை நெருங்க நெருங்க ரத்த ஓட்டமும் குறைவு. பெரிய அடி விழுந்தால் தோலைக் கிழித்து வெளியே வந்துவிடுவது பெரும்பாலும் இந்த எலும்புதான்.

இந்தக் காலைக் காப்பாற்ற முடியுமா, எடுத்துவிட வேண்டுமா என்பதே முதல் கேள்வி. அதற்கு உலகம் முழுக்கப் பேசப்படும் ஒரு அளவுகோல் நம் கோயம்புத்தூரிலிருந்து போயிருக்கிறது. கங்கா மருத்துவமனையின் டாக்டர் எஸ். ராஜசேகரனும் அவரது குழுவும் 2006இல் வெளியிட்டது. தோல், எலும்பு, தசை மூன்றுக்கும் தனித்தனியே மதிப்பெண், வயது, சர்க்கரை நோய் போன்ற கூடுதல் சிக்கல்களுக்கு மேலும் மதிப்பெண் என்று மொத்தம் 29. கூட்டினால் 14 வரை வரும் காலைக் காப்பாற்றலாம், 17ஐத் தொட்டால் எடுப்பதே நல்லது, 15ம் 16ம் அனுபவமுள்ள கண்களின் தீர்ப்புக்கு விடப்படும். மேலை நாடுகளின் அளவுகோல்கள் பெரும்பாலும் ரத்தக் குழாய் அறுந்த காயங்களை மனதில் வைத்து உண்டானவை. ரத்த ஓட்டம் மிஞ்சியிருந்தும் தோலும் எலும்பும் சின்னாபின்னமான நம் சாலைக் காயங்களுக்குத் தனிக் கணக்கு தேவைப்பட்டது.

காப்பாற்றலாம் என்று முடிவானால் உடனே இடைவெளியை நிரப்பிவிடுவதில்லை. முதலில் கழுவுதல், செத்ததை நீக்குதல், வெளியிலிருந்து கம்பி போட்டு நிறுத்துதல். அடுத்து சதை மூடல். இதற்குப் பிளாஸ்டிக் சர்ஜன் வேண்டும். முட்டிக்குக் கீழே என்றால் கெண்டைக்கால் தசையையே திருப்பி வைப்பார்கள். கணுக்கால் பக்கம் என்றால் முதுகிலிருந்தோ தொடையிலிருந்தோ தசையை ரத்தக் குழாயோடு எடுத்து, நுண்ணோக்கியின் கீழ் தைத்து இணைக்க வேண்டியிருக்கும். வட சென்னைக்கு இந்த வகையில் ஒரு பேறு வாய்த்திருக்கிறது. பழைய ஜெயில் ரோட்டில் இருக்கும் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் 1971இல் டாக்டர் ஆர். வெங்கடசாமி கை அறுவை சிகிச்சைக்கென்று தனித் துறையை உருவாக்கினார். நாட்டுக்கே முன்னோடியான முயற்சி அது. ஆலைத் தொழிலாளிகளின் நசுங்கிய விரல்களும் அறுந்த மணிக்கட்டுகளும் வந்து குவிகிற இடத்தில் அது பிறந்தது பொருத்தம். சதையும் தோலும் உயிரோடு மூடாத எலும்பில் எவ்வளவு விலையுள்ள பொருளை வைத்தாலும் அது வீண்.

இடைவெளியில் முதலில் வைப்பது பெரும்பாலும் சிமெண்ட். கட்டடச் சிமெண்ட் இல்லை. ஒரு வகை அக்ரிலிக். பொடியையும் திரவத்தையும் கலந்தால் மாவாகி, சூடேறி, சில நிமிடங்களில் இறுகிவிடும். அதில் கிருமிக்கொல்லி மருந்தைக் கலந்து, காணாமல் போன எலும்பின் அளவுக்கு உருட்டி இடைவெளியில் வைக்கிறார்கள். மருந்து கசிந்து அந்த இடத்தைச் சுத்தமாக வைத்திருக்கும், சதை உள்ளே புகாமல் இடமும் காலியாக இருக்கும். இதில் எதிர்பாராத ஒரு நன்மை உண்டென்று கண்டவர் பிரான்ஸ் நாட்டு சர்ஜன் அலென் மாஸ்கெலே. 1980களில் இப்படிச் சிமெண்ட் வைத்துவிட்டு ஒன்றிரண்டு மாதம் கழித்துத் திறந்தபோது, சிமெண்டைச் சுற்றி உடம்பே ஒரு மெல்லிய உறை போர்த்தியிருந்தது. வேண்டாத பொருளைச் சுற்றி உடம்பு போடும் வேலி என்று ஒதுக்கிவிடக்கூடிய அந்தச் சவ்வில் ரத்தக் குழாய்கள் அடர்ந்திருந்தன. எலும்பு வளரத் தூண்டும் புரதங்களும் அதில் சுரந்தன. உறையைக் கத்தியால் கீறி, சிமெண்டை எடுத்துவிட்டு, உள்ளே எலும்புத் துகளை நிரப்பி, மறுபடி உறையைத் தைத்து மூடினால், துகள் கரைந்து போகாமல் எலும்பாகச் சேர்ந்தது. 2000இல் அவர் வெளியிட்ட நோயாளிகளின் வரிசையில் 20 செ.மீ.யைத் தாண்டிய இடைவெளிகளும் உண்டு.

நோயாளிக்கு இது எப்படித் தெரிகிறது? “சிமெண்ட் வச்சாங்க, ரெண்டு மாசம் கழிச்சு அதையே எடுத்துட்டாங்க. முதல்ல வச்சது தப்பாப் போச்சா?” தப்பில்லை. அதை எடுப்பதற்காகவே வைத்தது. இந்த ஒரு வரியை முதல் ஆபரேஷனுக்கு முன்பே யாராவது பொறுமையாகச் சொல்லியிருந்தால் எத்தனையோ பேர் நடுவில் சிகிச்சையை விட்டிருக்க மாட்டார்கள். சிமெண்டோடு நடக்க முடிகிறதே என்று இரண்டாவது ஆபரேஷனுக்கு வராமல் இருப்பவர்கள் உண்டு. சிமெண்ட் எலும்போடு ஒட்டாது. மருந்து கசிந்து தீர்ந்த பிறகு அதுவே கிருமிக்கு இருப்பிடமாகிவிடும். உள்ளே தாங்கும் கம்பியும் நாளடைவில் களைத்து முறியும்.

இரண்டாவது ஆபரேஷனில் நிரப்பும் எலும்புத் துகள் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் நோயாளியின் இடுப்பிலிருந்து. பெல்ட் கட்டும் இடத்தில் கைக்குத் தட்டுப்படுகிறதே, அந்த விளிம்பிலிருந்து. அங்கே வெளி ஓட்டுக்குள் பொரபொரவென்ற, மஜ்ஜை ஊறிய எலும்பு இருக்கிறது. அதில் எலும்பை உண்டாக்கும் உயிரணுக்கள் இருக்கின்றன, வளரச் சொல்லும் புரதங்கள் இருக்கின்றன, பற்றிப் படரச் சட்டமும் இருக்கிறது. மூன்றும் ஒன்றாகக் கிடைக்கும் பொருள் இன்றுவரை வேறில்லை. ஆய்வுக்கூடங்களில் எத்தனை புதுமை வந்தாலும் எல்லாவற்றையும் இந்த இடுப்பெலும்போடுதான் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். இலவசமும்கூட. குறை என்னவென்றால் அளவு. ஒரு பக்கத்தில் எடுக்கக்கூடியது கொஞ்சம்தான், எடுத்த இடத்தில் வலி சில வாரம் இருக்கும், சிலருக்கு மாதக் கணக்கிலும் நீடிக்கும். நீண்ட இடைவெளிக்கு இரண்டு இடுப்பிலிருந்தும் எடுத்தாலும் போதாமல் போகலாம்.

கடையில் வாங்கும் மாற்று எலும்பின் இடம் இங்கேதான் வருகிறது. இதன் வரலாறு நமக்குப் பழக்கமான மாவுக்கட்டிலிருந்து தொடங்குகிறது. 1892இல் ஜெர்மனியின் டிரீஸ்மன் என்ற மருத்துவர் எலும்புக் குழிகளில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸை நிரப்பிப் பார்த்ததைப் பதிவு செய்தார். வெளியே கட்டுப் போடும் அதே கால்சியம் சல்பேட்தான். அது இன்றும் சுத்திகரித்த மணிகளாக, கிருமிக்கொல்லி கலந்து பயன்படுகிறது. ஆனால் ஒன்றிரண்டு மாதத்தில் கரைந்துவிடும். புது எலும்பு அவ்வளவு வேகமாக வராது. டிரைகால்சியம் பாஸ்பேட் இன்னும் மெதுவாக, பல மாதங்களில் கரையும். ஹைட்ராக்ஸிஅபடைட் நம் எலும்பின் தாதுவுக்கு மிக நெருங்கியது. வருடக்கணக்கில் கரையாமல் இருக்கும். இவற்றில் நுண்துளைகள் முக்கியம். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை அகலமுள்ள துளைகள் ஒன்றோடொன்று திறந்திருந்தால்தான் ரத்தக் குழாய்கள் நுழைய முடியும். அவரைக்குப் பந்தல் போடுவதோடு இதை ஒப்பிடலாம்: பந்தல் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் அடியில் வேர்பிடித்த கொடி இல்லையென்றால் காய்க்கப் போவது எதுவுமில்லை.

நம் பக்கத்திலும் இந்த வேலை நடந்திருக்கிறது. திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் ஹைட்ராக்ஸிஅபடைட்டையும் உயிர்க் கண்ணாடியையும் சேர்த்த நுண்துளைப் பீங்கானை உருவாக்கியது. சென்னை ஐஐடியில் கோழிமுட்டை ஓட்டிலிருக்கும் கால்சியத்தைக் கொண்டே ஹைட்ராக்ஸிஅபடைட் செய்து காட்டினார்கள். தூக்கி எறியும் ஓட்டிலிருந்து எலும்பின் தாது கிடைப்பது எனக்கு மிகவும் மகிழ்ச்சி தரும் செய்தி. இறக்குமதிச் சரக்கின் விலை அரசு மருத்துவமனை வார்டுக்கு எட்டாத இடங்களில் இத்தகைய முயற்சிகள்தான் கைகொடுக்க வேண்டும்.

மாற்று எலும்பு நன்றாக வேலை செய்யும் இடங்கள் உண்டு. முட்டி மூட்டின் மேற்பரப்பு அமுங்கிப்போனால் அதைத் தூக்கிவிட்டு அடியில் நிரப்பலாம். குதிகால் எலும்பு நசுங்கினாலும், எலும்புக்குள் இருந்த கட்டியைச் சுரண்டிய பிறகு வரும் குழியிலும் நிரப்பலாம். இங்கெல்லாம் நாலாபக்கமும் உயிருள்ள எலும்பு சூழ்ந்திருக்கிறது. நீளமான எலும்பில் முழுச் சுற்றளவும் காணாமல் போன இடத்தில் இதை மட்டும் வைத்தால் ஏமாற்றமே மிஞ்சும். இடுப்பெலும்போடு கலந்து அளவைக் கூட்டிக்கொள்ளலாம், அவ்வளவுதான். தனியார் மருத்துவமனையில் பெரிய தொகைக்கு மாற்று எலும்பு எழுதிக்கொடுத்தால், “டாக்டர், என் இடுப்பெலும்பு போதாதா? இதைத் தனியா வைக்கிறீங்களா, அதோட கலந்து வைக்கிறீங்களா?” என்று மரியாதையாகக் கேட்பதில் தவறில்லை. இறந்தவர்களும், மூட்டு மாற்று செய்துகொண்டவர்களும் தரும் எலும்பைப் பதப்படுத்திக் காமா கதிரால் கிருமி நீக்கி வைத்திருக்கும் திசு வங்கிகளும் உண்டு. மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் வங்கி 1988 முதல் இயங்குகிறது. அந்த எலும்பில் உயிரணு இருக்காது. சட்டம் மட்டும் கிடைக்கும்.

இடைவெளியை எதையும் வைத்து நிரப்பாமலேயே மூடும் முறையும் இருக்கிறது. காலைச் சுற்றி இரும்பு வளையங்கள் மாட்டி, ஊசிக் கம்பிகள் எலும்பை ஊடுருவ நடப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். ‘ரிங் போட்டிருக்காங்க’ என்பார்கள். சைபீரியாவின் குர்கான் நகரில் கவ்ரீல் இலிசாரவ் 1950களின் தொடக்கத்தில் உருவாக்கியது இது. இரும்புத்திரைக்கு அப்பால் இருந்ததால் மேலை நாடுகளுக்குப் பல காலம் தெரியாமலே இருந்தது. 1980இல் ஆறாத கால் முறிவோடு அங்கே போன இத்தாலிய மலையேறி கார்லோ மௌரி குணமாகித் திரும்பிய பிறகுதான் இத்தாலிய மருத்துவர்கள் இலிசாரவை அழைத்துப் பாடம் கேட்டார்கள்.

முறை வியப்பானது. இடைவெளிக்குத் தூரமாக, நல்ல எலும்பில் ஒரு வெட்டுப் போடுகிறார்கள். வெட்டுப்பட்ட துண்டை வளையத்தோடு பிணைத்து, ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் வீதம் இடைவெளியை நோக்கி நகர்த்துகிறார்கள். அதையும் ஒரே தடவையில் செய்வதில்லை. கால் மில்லிமீட்டராக நான்கு வேளை, நட்டைத் திருப்பி. துண்டு முன்னே போகப் போக அதன் பின்னால் புது எலும்பு ஊறி வருகிறது. வேகம் கூடினால் இழை அறுந்து எலும்பு உண்டாகாது. குறைந்தால் வெட்டே சேர்ந்துகொள்ளும். 6 செ.மீ. இடைவெளி என்றால் நகர்த்த 60 நாள். உண்டான எலும்பு கெட்டியாக அதைப்போல இரண்டு மூன்று மடங்கு காலம். ஒரு சென்டிமீட்டருக்கு மொத்தம் ஒன்றரை மாதம் வரை என்று வைத்துக்கொண்டால் ஒன்பது மாதம் வரை வளையத்தோடு வாழ வேண்டும். துண்டு எதிர்முனையைத் தொட்ட இடத்தில் ஒட்டாமல் போனால் அங்கே கொஞ்சம் இடுப்பெலும்பு வைக்க மறுபடி ஒரு ஆபரேஷன்.

நட்டைத் திருப்புவது பெரும்பாலும் வீட்டார் கையில். கம்பி நுழையும் ஒவ்வொரு துளையையும் கழுவித் துடைப்பதும் அவர்கள் வேலை. ஒற்றை அறை வீட்டில், மாடிப்படி ஏறி, தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் தெருவில் இதைச் செய்கிற பெண்கள் உண்மையில் சிகிச்சையின் பாதிச் சுமையைத் தூக்குகிறார்கள். டிஸ்சார்ஜ் ஆகும் முன் அவர்களுக்குக் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுக்க வேண்டியது மிக அவசியம்.

“அந்த இடத்துல ஒரு ஸ்டீல் எலும்பையே வச்சுட முடியாதா டாக்டர்?” என்ற கேள்வியும் வரும். வைக்கிறார்கள், புற்றுநோய்க்கு. முட்டி அருகே எலும்புப் புற்று வந்து ஒரு முழு நீளத்தை வெட்டி எடுக்கும்போது, அதே அளவில் செய்த உலோக எலும்பைப் பொருத்துகிறார்கள். சென்னையில் இதை உள்நாட்டிலேயே, நோயாளிக்கேற்ற அளவில் செய்யவைத்து ஏராளமான கால்களைக் காப்பாற்றியவர் டாக்டர் மயில்வாகனன் நடராஜன். 2007இல் பத்மஸ்ரீ பெற்றவர். அங்கே எலும்பு எடுத்த இடம் கிருமியில்லாத இடம், சதையும் முழுமையாக இருக்கும். சாலையில் திறந்த காயம் அப்படியல்ல. கிருமி ஒளிந்திருக்கும் இடத்தில் பெரிய உலோகம் வைத்தால் சீழ் அதை விட்டு அகலாது. சீழ் பிடிக்காவிட்டாலும், மூட்டை தூக்கும் 25 வயதுக்காரரின் காலில் உலோகம் சில வருடங்களில் தளர்ந்துவிடும். அவருடைய சொந்த எலும்பு வளர்ந்தால் ஆயுளுக்கும் உழைக்கும். முப்பரிமாண அச்சில் வார்த்த டைட்டானியக் கூடுகளும் வந்திருக்கின்றன. கூட்டுக்குள் எலும்புத் துகளை அடைத்து வைக்கிறார்கள். அங்கும் உள்ளே வளர வேண்டியது எலும்புதான்.

ஆக, செலவென்று எதைச் சொல்வது? பொருளைவிடக் காலம்தான் பெரிய செலவு. நல்லபடியாக நடந்தாலே ஒரு வருடம். விபத்தின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு 2021 டிசம்பர் 18இல் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டம் இருக்கிறது. எந்த மாநிலத்தவர் என்று பார்ப்பதில்லை, ஆகவே வட மாநிலத் தொழிலாளிக்கும் உண்டு. பிறகு வரும் ஆபரேஷன்களுக்கு முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை. ஒரு வருடக் கூலிக்கு? வேலையில் நடந்த விபத்து, ஆள் இஎஸ்ஐயில் பதிவானவர் என்றால், வேலைக்குத் திரும்பும்வரை தினக் கூலியில் 90 சதவீதம் கிடைக்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே விபத்து என்றாலும் இந்த உரிமை உண்டு. இஎஸ்ஐ வரம்புக்குள் வராதவர்களுக்கு முதலாளியிடம் இழப்பீடு கேட்கும் சட்ட உரிமை இருக்கிறது. காண்டிராக்டர் கையில் கொஞ்சம் பணம் கொடுத்து ஊருக்கு அனுப்பிவிட்டால், பாதிச் சிகிச்சையில் கால் போய்விடும். விபத்து நடந்த அன்றே ஆலையின் விபத்துப் பதிவேட்டில் பெயர் ஏறியதா என்று உடன் வேலை செய்பவர்கள் கேட்டு உறுதி செய்ய வேண்டும். இந்தப் பகுதியில் அதைவிடப் பெரிய உதவி இல்லை.

எலும்பு வெளியே தெரிந்தால் உள்ளே தள்ளாதீர்கள். சுத்தமான துணியால் மூடி, காலை அசையாமல் கட்டி, 108ஐக் கூப்பிடுங்கள். கீழே விழுந்த எலும்புத் துண்டு இருந்தால் சுத்தமான துணியிலோ பையிலோ சுற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். பயன்படுமா என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும். தோல் கிழிந்த முறிவுக்குப் புத்தூர் கட்டுப் போடப் போகக் கூடாது. இலையும் எண்ணெயும் தடவி இறுக்கிக் கட்டிய திறந்த காயம் அழுகிவிடும். பீடி, சிகரெட்டை விட வேண்டும். புகை ரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் எலும்பு சேர்வது தாமதமாகிறது, சேராமலும் போகிறது. சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும். எப்போது காலை ஊன்றலாம் என்பதை எக்ஸ்ரே பார்த்து டாக்டர் சொல்லட்டும்.

ஆபரேஷன் முடிந்ததும் இன்னொன்று. எலும்புக்குள் வைக்கும் கம்பி, பிளேட், சிமெண்ட் எல்லாம் 2005 முதல் மருந்துச் சட்டத்தின் கண்காணிப்பில் இருப்பவை. ஒவ்வொரு பெட்டியிலும் தயாரிப்பு எண்ணோடு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அதை டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒட்டித் தரச் சொல்லுங்கள். ஐந்து வருடம் கழித்து வேறு ஊரில் அந்தக் கம்பியை எடுக்க வேண்டி வந்தால், எந்தத் திருப்புளி பொருந்தும் என்பது அந்த ஸ்டிக்கரைப் பார்த்தால்தான் அங்கிருக்கும் சர்ஜனுக்குத் தெரியும்.